ராத்திரி சமையலுக்கு காலையில் ஒரு கைப்பிடி!

ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, 'ராத்திரிக்கு என்னம்மா?' என்ற கேள்வி காத்திருக்கும். உடனே கை போவது நூடுல்ஸ் பாக்கெட்டுக்கு. இல்லாவிட்டால் பரோட்டா பார்சலுக்கு. 'நேரம் எங்கே இருக்கு?' என்பீர்கள். இருக்கிறது... ராத்திரியில் அல்ல, காலையில்!

கிளம்பும் முன் ஆளுக்கு ஒரு கைப்பிடி பச்சைப்பயறை எடுத்துத் தண்ணீரில் போட்டுவிடுங்கள். மாலையில் குக்கரில் நாலு விசில். வெங்காயம், தக்காளி வதக்கிச் சேர்த்தால் சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ள ரெடி. ஊறப்போட மறந்துட்டீங்களா? கவலை வேண்டாம். பாசிப்பருப்பும் முருங்கைக்கீரையும் போதும். பாசிப்பருப்பை ஊறவைக்கவே வேண்டாம்.

இறக்கிய பிறகு எலுமிச்சம்பழம் பிழியுங்கள். கீரை, பயறில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர வைட்டமின் சி உதவும். சாப்பிட்ட கையோடு காபி, டீ மட்டும் வேண்டாம். அவை அந்தச் சத்து சேர்வதைக் குறைத்துவிடும்.

'இதற்கெல்லாம் இவ்வளவு மெனக்கெடணுமா?' என்கிறீர்களா? 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை! எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மிச்சமிருப்பதை வழித்துச் சாப்பிடும் உங்கள் வீட்டு அம்மாவும் அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

அதனால் கணவன்மார்களே, பிள்ளைகளே... காலையில் பயறு ஊறப்போடுவதும், டி.வி. பார்த்தபடியே கீரை ஆய்வதும் இனி உங்கள் பொறுப்பு. அம்மாவும் உங்களோடு உட்கார்ந்து சூடாகச் சாப்பிடட்டுமே!