படுதா அல்ல, படம்

மேல்நாட்டில் பழைய ஓவியங்களைத் திரையில் காட்டி, அவற்றுக்கேற்ற வாய்ப்பாட்டுக் கச்சேரி நடத்துகிறார்கள். நல்ல காரியந்தான். ஆனால், ஓவியரின் காலத்துப் பாட்டு எதுவாயினும் பொருந்திவிடும் என்று சிலர் நினைக்கிறார்களே, அதைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன். அப்போது படம் வெறும் படுதாவாகிவிடுகிறது.

இத்தாலிய ஓவியர் கரவாஜியோ சுமார் 1595-ல் தீட்டிய ‘லூட் வாசிப்பவன்’ ரஷ்யாவின் ஹெர்மிடேஜ் காட்சிசாலையில் இருக்கிறது. பையன் முன்னால் விரிந்து கிடக்கும் ஏட்டின் இசைக்குறிகளைப் பார்த்தே பாடிவிடலாம்; அத்தனை துல்லியம்! அவை ஆர்க்காடெல்ட் இயற்றி, 1539-ல் அச்சேறிய காதல் பாட்டுகள். அவர் மறைந்தது 1568-ல்; ஓவியர் பிறந்ததோ 1571-ல்!

புதுப் பாணியில் படம் எழுதிப் பிரமிக்க வைத்தவர், தம் பையனின் கையில் கொடுத்தது தாத்தா காலத்துப் பாட்டு. அந்த முகத்தில் படர்ந்திருக்கும் ஏக்கத்துக்கு அந்தப் பழமையும் ஒரு காரணம் என்பேன். வருஷத்தைப் பார்த்துப் பாட்டைப் பொறுக்கினால் அந்த ஏக்கம் எங்கே கேட்கும்?

இன்னொன்று. படத்தில் தெரிவது கீழ்ஸ்தாயிக் குரலுக்கான ஏடு மட்டுமே. மற்ற மூன்று குரல்களையும் தேடிச் சேர்த்துப் பாடுவதல்லவா பாடகர்களின் கடமை?