ராயபுரம் ரயிலுக்குக் கீழே

ஜூலை 1 வந்தால் ராயபுரம் ஸ்டேஷனுக்கு வயசு எண்ண ஆரம்பித்துவிடுகிறார்கள். 1856இல் அந்தத் தேதியில்தான் மெட்ராஸ் ரயில்வே கம்பெனியின் வண்டி இங்கிருந்து ஆற்காட்டுப் பக்கம், வாலாஜா ரோடு வரைக்கும் போனது. கவர்னர் ஹாரிஸ் துவக்கி வைத்தார். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில். பின்னால் சென்ட்ரல் வளர வளர ராயபுரம் ஓரமாகிப் போனது. பாழடைந்த கட்டடத்தை 2005இல் புதுப்பித்தார்கள். அதன் தூண்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியாயிற்று. எழுதட்டும், எனக்கும் அந்தத் தூண்களைப் பிடிக்கும். தண்டவாளத்தில் விழுந்த பீயை யார் அள்ளினார்கள் என்று எந்தக் கட்டுரையிலாவது ஒரு வரி உண்டா?

எங்க நைனா அள்ளினார். எந்த ஸ்டேஷன் என்று சொல்லப்போவதில்லை. எல்லா ஸ்டேஷனிலும் இதே கதைதான். வண்டி நிற்கும்போது கக்கூஸ் போகாதே என்று பெட்டிக்குள்ளே எழுதியிருக்கும். எவன் கேட்டான்? வண்டி நகர்ந்ததும் நைனா பிளாட்பாரத்திலிருந்து கீழே இறங்குவார். தென்னந்துடைப்பம், ஒரு தகரத்துண்டு, அப்புறம் தண்ணீர் பைப்பு. வீட்டுக்கு வந்து ரெண்டு தரம் குளித்தாலும் சோற்றைக் கரண்டியால்தான் சாப்பிடுவார். 'கை நாறுதுடா' என்பார். நாங்கள் மோந்து பார்ப்போம், சோப்பு வாசனைதான் வரும்.

1909இல் ஒகில் சந்திர சென் என்கிற பயணி, தான் வெளிக்குப் போயிருந்தபோது வண்டி கிளம்பிவிட்டது என்று எழுதிய கடிதத்தால்தான் கீழ்வகுப்புப் பெட்டிகளுக்குக் கக்கூஸ் வந்தது என்பார்கள். ஒருத்தர் சொம்போடு ஓடி விழுந்தது வரலாறு ஆகிவிட்டது. அந்தக் கக்கூசுக்குக் கீழே நின்றவர்கள் கடிதம் எழுதியிருந்தால் அதை யார் பாதுகாத்து வைத்திருப்பார்கள்?

1955 முதல் பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் பெட்டி செய்கிறார்கள். பெட்டியும் எங்க வடசென்னையில் செய்தது, அதன் கக்கூஸ் ஓட்டையும் இங்கேயே செய்தது. ஓட்டை போட்டதற்குப் பேர் பொறியியல். கீழே நின்று அள்ளியதற்குப் பேர் சாதி.

1993ஆம் வருஷத்துச் சட்டம் உலர் கழிப்பிடத்தைப் பேசியது, தண்டவாளத்தைப் பேசவில்லை. 2013ஆம் வருஷத்துச் சட்டம் 'ரயில் தண்டவாளம்' என்ற சொல்லையே போட்டது. சந்தோஷப்படுவதற்குள் கீழே ஒரு விளக்கம்: மத்திய அரசு அறிவிக்கும் கருவி, பாதுகாப்பு உடையோடு சுத்தம் செய்கிறவர் 'கையால் மலம் அள்ளுபவர்' ஆகமாட்டார். அதாவது கையுறை மாட்டிவிட்டால் பீ பீயில்லை. அந்த ஆள் கணக்கிலேயே வரமாட்டான். கணக்கில் வராதவனுக்கு மறுவாழ்வு எங்கிருந்து வரும்? 2014 மார்ச்சில், சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் தொடுத்த வழக்கில், தண்டவாளத்தில் இந்த வேலையை ஒழிக்க ரயில்வே காலக்கெடு வைத்துத் திட்டம் போட வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம்.

இப்போது பயோ டாய்லெட் வந்திருக்கிறது. பெட்டிக்கு அடியில் தொட்டி, அதில் கிருமி மலத்தைத் தின்னும், தண்ணிதான் கீழே இறங்கும். நல்லதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் பாட்டிலும் நாப்கினும் போய் அடைத்துக்கொள்ளும்போது தொட்டிக்குள் போகிற கை யாருடையது? காண்ட்ராக்ட்காரர் கூட்டிவருகிற ஆளுடையது. நைனா நிரந்தர ஊழியர், பென்ஷன் வந்தது. இவர்களுக்குக் காண்ட்ராக்ட் முடிந்தால் வேலையும் முடிந்தது.

ராயபுரத்தில் கல்வெட்டு வைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. தண்டவாளத்திலும் டிப்போவிலும் இந்த வேலை செய்தவர்கள், இன்றைக்குச் செய்கிறவர்கள் எத்தனை பேர், நிரந்தரம் எத்தனை, காண்ட்ராக்ட் எத்தனை, எந்தெந்தச் சாதி என்று வருஷவாரியாக ரயில்வே வெளியிடட்டும். கையுறை போட்டவர்களையும் சேர்த்து.