சுவர் நின்றால் போதுமா?

நிலநடுக்கத்தைத் தாங்கத் தூணையும் சுவரையும் தடிமனாகக் கட்டினாலே போதும், அடித்தளத்தில் ரப்பர் தாங்கிகள் வைப்பது வீண்செலவு என்று சிலர் வாதிடுகிறார்கள். வீட்டுக்கு அது பொருந்தலாம். மருத்துவமனைக்கு?

லாஸ் ஏஞ்சலிஸின் ஆலிவ் வியூ மருத்துவமனை 1971 நிலநடுக்கத்தில் நாசமானது. மறுபடி கட்டியபோது இவர்கள் சொல்கிறபடியேதான் செய்தார்கள்: கான்கிரீட், எஃகுத் தகடு, முரட்டுச் சுவர்கள். 1994 ஜனவரி 17, நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம். சுவர்கள் நின்றன. ஆனால் விறைப்பான கட்டடம் அதிர்வைப் பெருக்கியே மேலே அனுப்பும். கூரையில் அது புவியீர்ப்பு முடுக்கத்தின் இரு மடங்கைத் தாண்டியது. குழாய்கள் உடைந்து தண்ணீர் கொட்டியது. நோயாளிகளை வெளியேற்றினார்கள். இடியாத அந்தக் கட்டடத்தால் அன்று யாருக்கு என்ன பயன்?

அதே நாளில் தென் கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனை தாங்கிகளின் மேல் நின்றது. ரப்பரும் எஃகுத் தகடும் அடுக்கடுக்காக ஒட்டிய தாங்கிகள் அவை. நிலம் வெடுக்கென்று இழுத்தபோது அவை வளைந்து கொடுத்தன. மேலே கட்டடம் நிதானமாக அசைந்தது. கூரையின் அதிர்வு தரையில் பதிவானதைவிடக் குறைவு. நிலநடுக்க மையத்திலிருந்து அந்த மருத்துவமனை தள்ளியிருந்தது என்பார்கள், உண்மைதான். ஆனால் கூரைக்கு ஏற ஏற அதிர்வு தணிந்ததற்குத் தூரம் காரணமாகாது.

சதுப்பு மண்ணிலும் மிக உயர்ந்த கோபுரங்களிலும் இம்முறை பெரிதாக உதவாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பூஜ் நகரில் 2001 நிலநடுக்கத்தில் இடிந்ததோ, அடிபட்டவர்கள் ஓடிவர வேண்டிய மருத்துவமனை. அதன் புதிய கட்டடம் தாங்கிகளின் மேல்தான் எழுந்தது. அதையும் வீண்செலவு என்பீர்களா?