கொல்லைக் காவல் நாய்க்கும் உலர்ந்த படுக்கை வேண்டும்

கார்த்திகை தீபம் கழிந்துவிட்டால் பென்னாகரம் வட்டாரத்தில் பனி இறங்கத் தொடங்கிவிடும். ராகி அறுவடை முடிந்து, துவரையும் மொச்சையும் மரவள்ளியும் கொல்லையில் நிற்கும் காலம் இது. காட்டுப்பன்றிக்கும் இதுதான் காலம். காட்டோரக் கொல்லைகளில் பரண் கட்டி, கம்பளி போர்த்தி, டார்ச் விளக்கும் கையுமாக விவசாயிகள் விடிய விடியக் காவல் இருக்கிறார்கள். பரணுக்குக் கீழே, அல்லது கொல்லையின் மறுகோடியில், முளைக்குச்சியில் ஒரு நாய் கட்டப்பட்டிருக்கும். ஆளுக்குப் பரண் உண்டு, கம்பளி உண்டு, சூடாகத் தேநீர் உண்டு. நாய்க்கு ஒரு கயிறு மட்டும்தான். அதைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத விரும்புகிறேன். விவசாயப் பக்கத்தில் நாயைப் பற்றி என்ன பேச்சு என்று அன்பர்கள் நினைக்க வேண்டாம். காட்டோர விவசாயிக்கு நாயும் ஒரு பயிர்ப் பாதுகாப்புச் சாதனம்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி இரவில், பன்றிச் சேதத்தைப் பார்ப்பதற்காகக் காட்டோர மரவள்ளிக் கொல்லை ஒன்றில் தங்கினேன். காவலுக்கு இருந்தது சிறிய செவலை நாய். எட்டு கிலோ எடை இருந்தால் அதிகம். நள்ளிரவு வரை சிறு சத்தத்துக்கும் குரைத்துக்கொண்டிருந்தது. இரண்டு மணிக்குமேல் ஒலியே இல்லை. "சோம்பேறி நாய்ங்க சார், தூங்கிப்போச்சு" என்றார் விவசாயி. நான்கு மணிக்கு மறுபக்கமாகப் பன்றிகள் இறங்கி, இரண்டு வரிசைக் கிழங்கைப் புரட்டிவிட்டுப் போய்விட்டன. விளக்கடித்துப் பார்த்தேன். நாய் தூங்கவில்லை. மூக்கை வாலுக்குள் செருகிக்கொண்டு, முதுகு முழுவதும் பனியில் நனைந்து, உடம்பு உதறிக்கொண்டிருந்தது. குரைப்பதற்கு அதற்குத் தெம்பு இல்லை.

"நாய்க்கு என்னங்க சார் குளிரு? அதுக்குத்தான் மயிரு இருக்குதே" என்றார் அவர். இந்தப் பேச்சை நம் பகுதியில் கேட்காத ஊர் இல்லை.

நான் கால்நடை மருத்துவன் அல்ல. வேளாண் விரிவாக்கம் என் துறை. ஆயினும் இந்தக் கணக்கு எளிதானது. அண்டாவில் உள்ள வெந்நீரும் தம்ளரில் உள்ள வெந்நீரும் ஒரே நேரத்தில் ஆறுவதில்லை. உருவம் சிறுத்தால் எடைக்கு ஏற்ற தோல் பரப்பு கூடும். அந்தப் பரப்பு வழியாகச் சூடு வெளியேறும். நாயின் உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இருக்க வேண்டும். சிறிய நாய் அதைக் காப்பாற்றிக்கொள்ளப் பெரிய நாயைவிட அதிகமாகப் பாடுபடுகிறது. மயிர் இருக்கிறதே என்றால், இமாசலப் பிரதேசத்தில் ஆட்டு மந்தை காக்கும் கத்தி நாய்க்கு உள்ளே பஞ்சு போன்ற அடிமயிரும் மேலே நீண்ட மயிரும் உண்டு. நம் நாட்டு நாய்க்கு இருப்பது வெயிலுக்கு ஏற்ற ஒட்டு மயிர்.

அதற்காக, குளிர் கண்டவுடன் நாய் செத்துவிடும் என்று பயமுறுத்தவும் நான் விரும்பவில்லை. இங்கே மார்கழி, தை மாதங்களில் சில இரவுகளில் வெப்பநிலை 15 டிகிரி செல்சியஸுக்கும் கீழே இறங்குகிறது. வயிறு நிறைந்து, உடம்பு உலர்ந்து, நடமாட்டமும் உள்ள வளர்ந்த நாய் இதைத் தாங்கும். கெடுப்பது குளிர் மட்டும் அல்ல. ஈரம், வாடைக்காற்று, சில்லிட்ட தரை, கயிறு ஆகிய நான்கும் அதோடு சேருவதுதான். இந்த நான்கையும் நீக்கப் பணம் அதிகம் தேவையில்லை.

முதலில் படுக்கை. தக்காளிக்கு வரும் மரப்பெட்டி போதும். அல்லது பிளாஸ்டிக் பீப்பாயைப் படுக்கவைத்து ஒரு பக்கம் வாய் வெட்டிக்கொள்ளலாம். பூச்சிமருந்தோ அமிலமோ இருந்த பீப்பாய் மட்டும் கூடவே கூடாது, எத்தனை முறை கழுவினாலும் சரி. நாய் நின்று, திரும்பி, சுருண்டு படுக்கும் அளவு இருந்தால் போதும். தாராளமாகப் பெரிய கூண்டு செய்வது தவறு, ஏனென்றால் நாய் தன் உடம்புச் சூட்டால்தான் அதைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். அடியில் இரண்டு செங்கல் வைத்துத் தரையிலிருந்து நாலு அங்குலம் உயர்த்துங்கள். வாசல் தெற்குப் பார்த்து இருக்கட்டும். வாடை முதுகில் அடிக்கும்; தென்புறம் சாய்ந்த மார்கழிச் சூரியன் காலையில் உள்ளே விழும். வாசலில் சாக்குத் திரை தொங்கவிடலாம், ஆனால் முழுவதும் மூடிவிடக் கூடாது.

உள்ளே என்ன போடுவது? பலரும் பழைய சாக்கையோ கிழிந்த புடவையையோ போடுகிறார்கள். அது ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். விடியற்காலையில் நாய் ஈரத்துணியில்தான் படுத்திருக்கும். வைக்கோலோ ராகித் தாளோ ஒரு முழம் தடிமனுக்குப் போட்டால் நாய் அதற்குள் குழி பறித்துப் புதைந்துகொள்ளும். வாரம் ஒரு முறை வெயிலில் உதறிக் காயவைத்து, நைந்துபோனால் எருக்குழியில் தள்ளிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். கடலைக்கொடி வேண்டாம், அது மாட்டுக்குத் தீவனம். முதுகில் சாக்கைக் கட்டிவிடுகிறவர்களும் உண்டு. நல்ல எண்ணம்தான். ஆனால் பனியில் நனைந்த சாக்கு, வெறும் முதுகைவிடக் கேடு.

நாயே உங்களுக்கு ஓர் அடையாளம் காட்டும். காலையில் அடுப்புச் சாம்பல் மேட்டில் நாய் சுருண்டு கிடந்தால், இரவுப் படுக்கை போதவில்லை என்று பொருள். அந்தச் சாம்பலில் தணல் மறைந்திருந்தால் வயிறு வேகும். ஈரத்தோடு சேர்ந்தால் சாம்பலின் காரம் கண்ணையும் பாதத்தையும் அரிக்கும்.

அடுத்தது கயிறு. இதில் என் அபிப்பிராயம் சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். இரவு முழுவதும் கட்டி, பகலிலும் கட்டியே வைத்திருக்கும் நாய் நல்ல காவல் நாய் ஆகாது. உடம்புச் சூடு தசை அசைவில் பிறக்கிறது. மூன்று முழக் கயிற்றில் தசைக்கு ஏது வேலை? மூட்டு விறைத்து, தசை வற்றி, அடுத்த குளிருக்கு இன்னும் பலவீனமாகிவிடும். பனி விலகியபின் நீங்கள் வரப்பைச் சுற்றிப் பார்க்கப் போகும்போது நாயையும் கூட்டிச் செல்லுங்கள். அரை மணி நேரம் ஓடட்டும். புல்லில் பனி இருக்கும்போதே கிளம்பினால் குட்டைக்கால் நாய்க்கு வயிறு முழுவதும் நனைந்துவிடும். நனைந்துவிட்டால் வயிறு, தொடை, விரல் இடுக்கு எல்லாவற்றையும் உலர்ந்த துணியால் துடைத்து வெயிலில் விடுங்கள். மாட்டுப் பொங்கலன்று மாட்டைக் கழுவுகிற கையோடு நாயையும் ஏரியில் தள்ளுவது வழக்கம். உச்சி வெயிலுக்கு அதை வைத்துக்கொள்ளலாம். சொறிக்கு மருந்து என்று கழிவு எண்ணெயைப் பூசுவதையும் விட்டுவிட வேண்டும். நாய் அதை நக்கி விஷமாகும். எண்ணெய் படிந்த மயிர் குளிரையும் தடுக்காது.

அப்படியானால் இரவிலும் அவிழ்த்துவிடலாமே என்று கேட்பீர்கள். காட்டோரத்தில் அது முடியாது. யானையைக் கண்டு குரைத்த நாய் எசமானிடமே ஓடிவரும். யானை அதன் பின்னால் வரும். கொல்லையின் காட்டுப்பக்கக் கோடியில் தனியாகக் கட்டினாலோ அது சிறுத்தைக்கு வைத்த இரை. மகாராஷ்டிரத்தில் அகோலே பகுதியில் விஞ்ஞானிகள் ஆராய்ந்தபோது, அங்கே சிறுத்தையின் உணவில் முதலிடம் பிடித்தது வளர்ப்பு நாய்தான். ஆகவே பெட்டி பரணை ஒட்டியே இருக்கட்டும். இரண்டு நாய் இருந்தால் ஒரே பெட்டியில் ஒட்டிப் படுத்துக்கொள்ளும்; அதைவிட நல்ல கம்பளி இல்லை.

பெங்களூருக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் ஆசையாக வாங்கி, பிறகு ஊரில் பெற்றோரிடம் விட்டுப்போகும் பொமரேனியன் நாய்களையும் இப்போது கொல்லைகளில் பார்க்கிறேன். அதன் மயிர் குளிருக்கு நல்லதுதான். சீவிவிடாமல் சடை பிடித்து, பனியில் ஊறினால் அந்த மயிரே ஈரக் கம்பளி ஆகிவிடும். அது வீட்டுத் திண்ணைக்கு உரியது. பன்றிக் காவலுக்கு உரியது அல்ல.

குட்டிகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் சினைப்படும் நாய்கள் ஏறத்தாழ 63 நாள் கழித்து, பெரும்பாலும் கார்த்திகைக்கும் தைக்கும் இடையில் குட்டி போடுகின்றன. பிறந்த குட்டிக்கு உடம்பை நடுக்கிச் சூடு உண்டாக்கிக்கொள்ளும் சக்தி கிடையாது. முதல் இரண்டு வாரம் அதன் சூடு தாயிடமிருந்தும் கூடப்பிறந்தவற்றிடமிருந்தும்தான் வர வேண்டும். தாயைக் கொல்லையில் கட்டிவிட்டுக் குட்டிகளைக் கொட்டகைச் சிமெண்டுத் தரையில் விட்டால் விடிவதற்குள் ஒன்றிரண்டு போய்விடும். குட்டி போட்ட தாய்க்கு ஒரு மாதமாவது காவலிலிருந்து விடுமுறை கொடுங்கள்.

இதில் நானே ஒரு தவறு செய்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், விறைத்துக் கிடந்த ஒரு குட்டியை வீட்டுக்கு எடுத்து வந்து, அவசரமாகப் பாலைச் சூடாக்கிப் பஞ்சில் நனைத்து வாயில் புகட்டினேன். காலையில் அது இறந்து கிடந்தது. உடம்பு சில்லிட்ட குட்டியின் குடல் வேலை செய்யாது. உள்ளே போன பால் செரிக்காது, மூச்சுக் குழலுக்குள்ளும் போய்விடலாம் என்று பிறகு ஒரு கால்நடை மருத்துவர் சொன்னார். முதலில் சூடு, பிறகுதான் பால். குட்டியைத் துடைத்து, உங்கள் மார்போடு அணைத்துத் துணியால் போர்த்திக்கொள்ளுங்கள். அல்லது வெதுவெதுப்பான நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். அனல் அருகில் காட்டக் கூடாது. ஒரு மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை. உடம்பு சூடேறி, வாய் தானாகத் தேடும்போது தாயிடம் விடுங்கள். வளர்ந்த நாய்க்கும் இதே முறைதான். நடுங்கிக்கொண்டிருந்த நாய், உடம்பு சூடேறாமலே நடுக்கத்தை நிறுத்திவிட்டால் ஆபத்து முற்றிவிட்டது என்று அறிந்து, துணியில் சுற்றிக் கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்ல வேண்டும்.

ஆகாரம் குளிர்காலத்தில் சற்றுக் கூடுதலாக வேண்டும். அதையும் காவலுக்கு முன் மாலையிலேயே கொடுத்துவிட வேண்டும். ராகிக் களி நல்லதே. வெங்காயம் நிறைந்த குழம்பை அதன்மேல் ஊற்ற வேண்டாம், வெங்காயம் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். முட்டையோ மீன் தலையோ இறைச்சிக் கழிவை வேகவைத்தோ சேர்க்கலாம். ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த நிலக்கடலையை, விற்க முடியாது என்று நாய்க்குப் போடுகிறோம். அந்தப் பூஞ்சையின் அப்ளாடாக்சின் என்ற நஞ்சு நாயின் கல்லீரலை மிக எளிதில் தாக்கும். பூஞ்சைக் கடலை எருக்குழிக்குக்கூட ஏற்றதல்ல, எரித்துவிடுங்கள்.

இவ்வளவும் ஒரு நாய்க்காகவா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். தமிழக அரசு 2025 ஜனவரியில் கொண்டுவந்த நடைமுறைப்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடவோ பிடிக்கவோ அனுமதி இல்லை. மின்வேலி என்ன செய்யும் என்பதை நம் மாவட்டம் 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே பார்த்துவிட்டது. சட்டவிரோத மின்வேலியில் 3 யானைகள் மடிந்தன. காட்டோரச் சிறு விவசாயிக்குச் செலவு குறைந்த, யாரையும் கொல்லாத காவல் நாய்தான். அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலில் தேய்பிறை அஷ்டமிக்குச் சாம்பல் பூசணியில் விளக்கேற்ற எத்தனை பேர் போகிறோம்! பைரவரின் வாகனம் கொல்லையில் பனியில் நனைந்துகொண்டிருக்கிறது.

எங்கள் விரிவாக்கத் துறையினர் மீதும் எனக்குக் குறை உண்டு. கறவை மாட்டுக்கும் ஆட்டுக்கும் கோழிக்கும் பயிற்சி நடத்துகிறோம். அந்த ஆட்டுப்பட்டியைக் காக்கும் நாயைப் பற்றி ஒரு துண்டுப் பிரசுரத்தில்கூட ஒரு வரி போடுவதில்லை. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன். நாய்க்கு மூன்றாவது மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு ஆண்டுதோறும் ஒன்று போட வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். ஆனால் நாயை அதற்கென்று நகரத்துக்குத் தூக்கிச் செல்ல யாருக்கு நேரம் இருக்கிறது? ஊர்களில் ஆட்டுக்குத் தடுப்பூசி போட வரும் நாளிலேயே நாயையும் கயிற்றில் பிடித்துக் கூட்டிவரச் சொல்லி முதல் நாள் மாலை ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டால் போதும். பெட்டி எப்படி வைப்பது, தாளை எப்போது மாற்றுவது என்பதையும் அங்கேயே ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம்.