பெருநாள் காசில் எதை வாங்குகிறோம்?

பெருநாள் காசைச் சேர்த்து வைத்திருக்கும் பிள்ளைகள் எங்களிடம் கேட்பது: "சேர், கேமை டவுன்லோட் பண்ணுறதா, கார்டா வாங்குறதா?" விளையாட்டுக் கேள்விதானே என்று விட்டுவிட வேண்டாம். சொந்தம் எது, அனுமதி எது என்பதுதான் இதில் விஷயம்.

டவுன்லோட் லேசு. தொலையாது, உடையாது. ஆனால் அங்கே நாம் வாங்குவது அனுமதியைத்தான். 2023 மார்ச் 27இல் நிண்டெண்டோ தன் 3டிஎஸ் ஒன்லைன் கடையில் விற்பனையை நிறுத்தியது. முன்னர் வாங்கியவர்கள் திரும்ப இறக்கலாம், அதுவும் கம்பனி விடும்வரைதான். அதே காலத்துக் கார்ட் இன்றும் செருகினால் ஓடும். தம்பிக்குக் கொடுக்கலாம், கூட்டாளிக்கு இரவல் கொடுக்கலாம், அலுத்தால் விற்கலாம்.

கார்டிலும் கவனம் வேண்டும். 2025இல் வந்த ஸ்விட்ச் 2இன் சில கார்டுகளில் கேம் இல்லை, திறப்பு மட்டுமே. கேமை இணையத்தில்தான் இறக்க வேண்டும். பெட்டியில் எழுதியிருக்கும், வாசியுங்கள்.

கையில் இருப்பதெல்லாம் நிலைக்கும் என்று யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு சொல்ல எங்களுக்கு வாய் வராது. 1981இல் நூலகம் எரிந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது வீட்டில் இருந்ததெல்லாம் வீட்டோடு போனது. அதனால் டவுன்லோடே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. மலிவான சின்ன கேம் என்றால் இறக்கட்டும். ஆண்டு முழுக்கச் சேர்த்த காசு என்றால் கார்டே நல்லது.

காசு கொடுக்கமுன் பிள்ளையோடு இருந்து இரண்டு கேள்வி கேளுங்கள்: இதை இன்னொருவருக்குக் கொடுக்கலாமா? இணையம் இல்லாமல் ஓடுமா?