தொட்டிலைப் பார், தோழா!

பொதுக்கூட்ட மேடைகளில் நமக்குப் பழக்கமான காட்சி ஒன்று உண்டு. பேச்சு முடிந்து, மாலையும் துண்டும் போட்டு ஓய்ந்த நேரத்தில், கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு தோழர் வருவார். தோளிலே கறுப்பு சிவப்புத் துண்டு, கையிலே பச்சிளங்குழந்தை, பின்னாலே வெட்கத்தோடு அதன் தாய். "பெயர் வையுங்கள்" என்பார். அறிவழகன் என்றோ தமிழ்ச்செல்வி என்றோ நாமும் வைப்போம். கையொலி எழும். நட்சத்திர எழுத்து வேண்டாம், எண்கணிதம் வேண்டாம், தாய்மொழியில் ஒரு பெயர் போதும் என்று துணிந்த தொழிலாளியின் முகத்திலே அப்போது தோன்றும் பெருமிதம் இருக்கிறதே, அது எந்தச் சீமானின் மாளிகையிலும் காணக் கிடைக்காதது.

அப்படிப் பெயர் சூட்டிய ஓர் இரவில், ஆலைத் தொழிலாளியான அந்தத் தோழர், "வீட்டிலே ஒரு வாய் காப்பி சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும்" என்றார். போனோம். ஒற்றை அறை வீடு. தகடு வேய்ந்த கூரை. குறுக்கே ஓர் இரும்புக் குழாய். குழாயிலே ஒரு கொக்கி, கொக்கியிலே நைலான் கயிறு, கயிற்றிலே பழைய சேலையால் கட்டிய தூளி. அதிலே குழந்தையைப் போட்டார்கள். குழைந்த துணிக்குள் உடல் வளைந்து, முகவாய் நெஞ்சிலே போய் ஒட்டிக்கொண்டது. கழுத்திலே பாட்டி கட்டிய தாயத்துக் கயிறு. மூன்று வயது அக்காள் தூளியைப் பிடித்துத் தொங்கி விளையாடிக்கொண்டிருந்தாள்.

நாம் எழுந்து அந்தக் கொக்கியைத் தொட்டுப் பார்த்தோம். துரு உதிர்ந்து விரலில் ஒட்டியது.

"தொட்டில் போட்டது எப்போது, தோழரே?"

"பதினாறாம் நாளுங்க. நேரம் பார்த்துத்தான் போடணும்னு அம்மா ஒத்தைக் காலில் நின்னாங்க, தட்ட முடியலைங்க."

"இந்தக் கொக்கி?"

"அது நாங்க குடி வர்றதுக்கு முன்னாலேயே இருக்குங்க."

நாள் பார்த்தார்கள், நாழிகை பார்த்தார்கள், கொக்கியைப் பார்க்கவில்லை! பஞ்சாங்கத்தைப் புரட்டிய கை, கயிற்றைப் புரட்டிப் பார்க்கவில்லை. பகுத்தறிவு என்று மேடையில் முழங்குகிறோமே, அது வீட்டின் உத்திரம்வரை ஏறவில்லையென்றால் முழக்கத்துக்கு என்ன பொருள்? அந்தத் தோழரை நாம் குறை சொல்லவில்லை. அவருக்கு எடுத்துச் சொல்லாத நம்மைத்தான் குறை சொல்லிக்கொள்கிறோம். ஆகவே இன்று தொட்டிலைப் பற்றியே பேசுவோம்.

"அரசியல் பேசவேண்டிய இடத்தில் தொட்டிலா?" என்று நகைப்போர் நகைக்கட்டும். 2020-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, பிறக்கும் 1000 குழந்தைகளில் ஓராண்டு நிறைவதற்குள் இறப்பவை இந்தியாவிலே 28, தமிழ்நாட்டிலே 13. ஊருக்கு ஊர் செவிலியரும், ஆரம்ப சுகாதார நிலையமும், தடுப்பூசியும் பாடுபட்டு இறக்கிய எண் அது, பெருமைதான். ஆனால் அந்தப் பதின்மூன்று வீடுகளில் போய்ப் பெருமை பேச முடியுமா? நோயால் வரும் சாவை மருத்துவர் தடுக்கட்டும். துருப்பிடித்த கொக்கியால் வரும் சாவைத் தடுக்கவேண்டியவர் யார்? நீதான், தோழா, நாம்தான்.

முதலிலே தூளி. அதை நாம் இகழமாட்டோம். தாயின் சேலை, தாயின் மணம், தாயின் சூடு. ஏழைக்குக் காசு கேட்காத தொட்டில் அது. ஆனால் அன்பு வேறு, ஆபத்து வேறு. கழுத்து நிற்காத குழந்தையின் முகவாய் நெஞ்சிலே முட்டினால், மூச்சுக்குழல் மடங்கும். அழுதால் ஓடிவருவோம், மூச்சுத் திணறும் குழந்தைக்கு அழக்கூட முடியாதே! அதனால்தான் மருத்துவர்கள், எந்த உறக்கமானாலும் தட்டையான, கெட்டியான பரப்பிலே, மல்லாந்த நிலையிலே என்கிறார்கள். தூளியில்தான் அடங்குகிறது குழந்தை என்றால், கண்ணெதிரே சற்றுநேரம் ஆட்டு. துணி முகத்தை மூடாதபடி மேலே குறுக்குக் கட்டை கொடு. கண் அயர்ந்ததும் எடுத்துத் தரையிலே கிடத்து. இரவு முழுதும் தூளியிலே விட்டுவிட்டு நீ உறங்காதே.

தூளிக்கு ஓய்வு கொடுக்கவேண்டிய நாளை நம் புலவர்களே நமக்குக் காட்டியிருக்கிறார்கள். பிள்ளைத்தமிழிலே செங்கீரைப் பருவம் என்று ஒன்று உண்டு; ஐந்தாம் திங்களை ஒட்டியது. குழந்தை கையை ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடும் பருவம். புலவன் அதைக் கண்டு பாடினான். நீ அதைக் கண்டால் தூளியை அவிழ்த்துவிடு. கையூன்றி எழும் குழந்தை தூளியிலிருந்து புரண்டு விழும் குழந்தை. அவிழ்த்த துணியை மடித்துப் பெட்டியிலே வை; தொங்கவிட்டு வைக்காதே. தூளியிலே சுழன்று விளையாடிய சிறுவன், சிறுமி கழுத்து இறுகி மாண்டதாக நாளிதழின் மூலையிலே எத்தனை முறை படித்திருக்கிறோம்! பச்சைக்குழந்தைக்குக் கட்டிய துணி, அதன் அண்ணனுக்கும் அக்காளுக்கும் சுருக்காகிவிடுகிறது.

தாயத்துக்கும் அதே கதைதான். கண்ணேறு படாமல் காக்கும் என்று பாட்டி கட்டினாள். அன்பாலே கட்டினாள், ஆனால் அந்தக் கயிறு தொட்டிலின் முனையிலோ கொக்கியிலோ மாட்டினால், காக்க வந்த கயிறே கழுத்தை இறுக்கும். கயிற்றை அவிழ்ப்பது நாத்திகம் என்று யாராவது சொன்னால், "இருக்கட்டும், என் குழந்தை மூச்சுவிடட்டும்" என்று சொல்.

காசு சேர்த்துக் கடையிலே தொட்டில் வாங்கும் தோழர்களுக்கும் நாம் சொல்லவேண்டியது உண்டு. விலை உயர்ந்தால் காவலும் உயரும் என்று எண்ணாதீர்கள். செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலே, ஒரு பக்கத்தை ஏற்றி இறக்கும் தொட்டில்கள் வீட்டுக்கு வீடு இருந்தன. திருகாணி தளர்ந்து பக்கப்பலகை விலகிய இடைவெளியிலே குழந்தைகள் சிக்கின. 2000-ஆம் ஆண்டுக்குப் பின் பத்தாண்டுகளில் குறைந்தது 32 குழந்தைகள் மாண்ட பிறகுதான், 2011 சூனில் அவ்வகைத் தொட்டில்களைச் செய்வதும் விற்பதும் அங்கே தடை செய்யப்பட்டன. வணிகன் வழவழப்பைக் காட்டுவான். திருகாணியை நீதான் முறுக்கிப் பார்க்கவேண்டும்.

எப்படிப் பார்ப்பது? பக்கக் கம்பிகளுக்கு இடையே 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. 1973-லேயே அமெரிக்காவில் விதித்த அளவு இது. அளவுகோல் இல்லையா? குளிர்பானம் அடைத்துவரும் தகரக் குவளையை நுழைத்துப் பார். நுழைந்தால் வாங்காதே. குழந்தையின் கால் நுழையும், உடல் நழுவும், தலை மட்டும் மாட்டிக்கொள்ளும். மெத்தைக்கும் பலகைக்கும் இடையே இரண்டு விரல் போனால் அந்த மெத்தை பொருந்தாது. மெத்தை கெட்டியாக இருக்கட்டும்; கை வைத்தால் அமுங்கும் இலவம்பஞ்சு வேண்டாம். தலை உருண்டையாக வருமென்று வைக்கும் கடுகுத் தலையணை, பக்கத்திலே அடுக்கும் திண்டு, தளர்ந்த போர்வை, பஞ்சுப் பொம்மை எல்லாம் பார்வைக்கு அழகு. குழந்தையின் மூக்குக்குப் பகை. வெறும் தொட்டில்தான் நல்ல தொட்டில். ஆட்டும் தொட்டிலானால், ஆட்டி முடித்ததும் அசையாமல் நிறுத்தும் பூட்டு இருக்கிறதா என்று பார். சன்னல் கயிறு, கைப்பேசி மின்கம்பி, அடுப்பு மூன்றும் எட்டாத இடத்திலே போடு.

பழைய தொட்டிலை உறவினர் கொடுத்தால் நன்றியோடு வாங்கு. ஆனால் வண்ணத்தைப் பார். வீட்டுப் பூச்சுகளிலே ஈயம் பத்து இலட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்று 2016-இல் விதி செய்தார்கள். 2017 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பூச்சிலே எவ்வளவு ஈயமோ! பல் முளைக்கும் குழந்தை விளிம்பைக் கடிக்கும். ஈயம் மூளையைக் கடிக்கும். உரியும் வண்ணம் உள்ள தொட்டில் வேண்டவே வேண்டாம்.

"இதற்கெல்லாம் வழியில்லையே" என்கிற தோழனுக்கு ஒரு நற்செய்தி. ஒரு கோரைப்பாய், அதன்மேல் நான்காய் மடித்துச் சுருக்கமின்றி விரித்த பருத்தித் துணி, மேலே நன்றாகப் பொருந்தும் கொசுவலை. தட்டையானது, கெட்டியானது, விழ உயரமில்லாதது. ஆயிரங்களைக் கொட்டி வாங்கும் தொட்டிலுக்கு இது இளைத்ததன்று. மல்லாத்திப் படுக்கவைக்கச் சொல்லி அமெரிக்காவிலே 1994-இல் இயக்கம் தொடங்கினார்கள். பத்தாண்டுகளில் காரணம் தெரியாத தொட்டில் சாவுகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. மல்லாத்திப் போடக் காசு எதற்கு?

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்வோம். ஆண்களுக்குச் சொல்வது இது. குடித்துவிட்டுக் குழந்தையின் பக்கத்திலே படுக்காதே. போதையிலே புரளும் உடலுக்கு, கீழே நசுங்குவது யாரென்று தெரியாது. குழந்தை இருக்கும் அறையிலே பீடி பிடிக்காதே. அந்தப் புகை உறக்கத்திலேயே உயிரைப் பறிக்கும் ஆபத்தைப் பெருக்குகிறது. தொட்டில் பெண்களின் சங்கதி என்று ஒதுங்கும் ஆண்மை நமக்கு வேண்டாம்.

வீட்டுத் தொட்டிலைப் பற்றிச் சொன்னோம். வீட்டிலே தொட்டில் இருந்தும் அதிலே போட முடியாத தாயின் கதி என்ன? சாலை போடும் இடத்திலே பாருங்கள். கொதிக்கும் தார், பறக்கும் புழுதி, ஓரத்து வேப்பமரக் கிளையிலே ஒரு தூளி. தாய் ஜல்லி சுமக்கிறாள். கண் மட்டும் கிளையிலே. அவளிடம் போய், "தட்டையான படுக்கை, கெட்டியான மெத்தை" என்று நாம் பாடம் நடத்தினால் அதைவிடக் கொடுமை உண்டா?

சட்டம் இல்லாமலில்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையிலே குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 1976-இல் அந்த எண்ணை முப்பதாக்கினார்கள். 1996-இல் கட்டுமானத் தொழிலாளர் சட்டமும் காப்பகம் பேசியது. 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தி, ஐம்பது பேர் வேலை செய்யும் இடத்திலே காப்பகம் என்றும், தாய் நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றும் எழுதினார்கள். 2020-இல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் ஐம்பது என்ற எண்ணையே வைத்தது. எழுத்திலே குறைவில்லை. ஆனால் ஒப்பந்தக்காரனின் கணக்கு வேறு. ஏட்டிலே நாற்பத்தொன்பது பேர் இருந்தால் சட்டம் வாசலிலேயே நின்றுவிடுமே! நாற்பத்தொன்பது பேர் வேலை செய்யும் இடத்திலே குழந்தைக்கு மூச்சு முட்டாதா? எண்ணிக்கை பார்த்தா மரக்கிளை முறிகிறது?

பின்லாந்து என்றொரு நாடு. 1938-இல், வறுமையிலே வாழ்ந்த தாய்மார்களுக்கு அரசு ஒரு பெட்டி கொடுக்கத் தொடங்கியது. 1949 முதல் ஏழை பணக்காரர் வேறுபாடின்றி எல்லாத் தாய்மாருக்கும் என்றாக்கியது. கருவுற்றதும் காலத்தோடு மருத்துவரைப் பார்க்கவேண்டும் என்பது நிபந்தனை. பெட்டியிலே குழந்தைக்கு உடை, அடியிலே மெத்தை. துணிகளை எடுத்துவிட்டால் அந்த அட்டைப்பெட்டியே குழந்தையின் முதல் படுக்கை! தொழிலாளி மகனும் முதலாளி மகனும் ஒரே மாதிரிப் பெட்டியிலே உறங்கினார்கள். பிறந்த அன்றே சமத்துவம்! ஒரு குழந்தை எதிலே உறங்குகிறது என்பது அரசின் கவலை என்று அவர்கள் அன்றே முடிவு செய்தார்கள். அந்தக் கவலையை எந்த அரசும் பட்டாகவேண்டும் என்பதே நம் கோரிக்கை. ஐம்பது என்ற எண் குறையவேண்டும் என்பதே நம் தொழிற்சங்கங்கள் எழுப்பவேண்டிய குரல்.

அதுவரை கை கட்டி நிற்போமா? கிளைக் கழகத் தோழர்களே! கொடியேற்று விழாவுக்கு முதல்நாள் நீங்கள் செய்வதை நாம் அறிவோம். கம்பத்தை அசைத்துப் பார்க்கிறீர்கள். கயிற்றை இழுத்துப் பார்க்கிறீர்கள். உருளை சுழல்கிறதா என்று ஏறிப் பார்க்கிறீர்கள். கொடி பாதியிலே நின்றுவிட்டால் கழகத்துக்கு இழுக்கு என்று அவ்வளவு கருத்து! அந்தக் கையும் அந்தக் கண்ணும் தொட்டில் கயிற்றுக்கு உண்டா? உங்கள் தெருவிலே குழந்தை பிறந்த வீடு எத்தனை? இந்த ஞாயிற்றுக்கிழமை போங்கள். வாழ்த்துச் சொல்லுங்கள், கொக்கியை இழுத்துப் பாருங்கள், துருப்பிடித்திருந்தால் கழற்றுங்கள், நைந்த கயிற்றை மாற்றுங்கள்.

அன்றிரவு அந்தத் தோழர் வீட்டிலே காப்பி ஆறிப்போயிற்று. அவரும் நாமுமாகத் தூளியை அவிழ்த்தோம். பாய் விரித்துக் குழந்தையை மல்லாத்திக் கிடத்தினோம். தாயத்தை அவிழ்த்தது யார் தெரியுமா? காரணத்தைக் கேட்டுக்கொண்ட அதே பாட்டிதான்! கேட்டால் புரிந்துகொள்ள மக்கள் இருக்கிறார்கள். சொல்லத்தான் ஆள் வேண்டும்.

மேடையிலே நாம் சூட்டிய பெயரை அந்தக் குழந்தை வளர்ந்து தன் கையாலே எழுதவேண்டும், தோழா. அதற்கு முதலில் இன்றிரவு அது மூச்சு முட்டாமல் உறங்கவேண்டும். போ, கொக்கியைப் பார்!