புதிய கால்பந்து அணிக்கு அரங்கு: யார் பணம், எந்தப் பகுதிக்கு?

தொழில்முறைக் கால்பந்து அணி ஒன்றைத் தொடங்குவோர் ஆட்டக்காரர்களையும் பயிற்சியாளரையும் ஒரு பருவத்துக்குள் திரட்டிவிட முடிகிறது. சொந்த மைதானம் என்று சொல்லிக்கொள்ள ஓர் இடத்தைப் பெறுவதற்கோ அவர்கள் உள்ளாட்சி அமைப்பு, மாநில விளையாட்டு ஆணையம், தடகளச் சங்கம், சில இடங்களில் கிரிக்கெட் சங்கம் என்று பல கதவுகளைத் தட்ட வேண்டியிருக்கிறது. ஆறு அணிகளுடன் 2024 செப்டம்பரில் தொடங்கிய சூப்பர் லீக் கேரளாவின் முதல் பருவத்தில் திருச்சூர் அணி தன் ஆட்டங்களை மஞ்சேரியிலும், கண்ணூர் அணி கோழிக்கோட்டிலும் ஆடியதும், தத்தம் ஊர் மைதானங்களுக்கு அவற்றால் 2025-இல்தான் வர முடிந்ததும் இதன் அண்மைச் சான்றுகள். கால்பந்தைக் கொண்டாடும் கேரளத்திலேயே அணி முதலில் பிறந்து மைதானம் பின்னால் வந்தது என்றால், தொழில்முறைக் கால்பந்து அணி இன்னும் உருவாகாத சேலம், நாமக்கல் சமவெளி அந்த வரிசையை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பைத் தவறவிடக் கூடாது.

தமிழ்நாட்டுக்கு இதில் கசப்பான அனுபவம் உண்டு. 1946-இல் நேதாஜி விளையாட்டுக் கழகமாகத் தொடங்கிய சென்னை சிட்டி கால்பந்துக் கழகம், 2017-இல் ஐ-லீக்கில் நுழைந்தபின் கோவை நேரு விளையாட்டரங்கைத் தன் மைதானமாக்கிக்கொண்டு, 2019 மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, 2018-19 பருவத்தின் வாகையைச் சூடியது. தேசிய வாகையர் என்ற தகுதியில் ஆசியப் போட்டிகளுக்குச் சென்ற அதே அணி, 2020 மார்ச்சில் ஏ.எஃப்.சி. கோப்பையில் மாலத்தீவின் மாசியா அணிக்கு எதிரான தன் 'சொந்த மைதான' ஆட்டத்தைக் கோவையில் அன்றி அகமதாபாத்தில் ஆடியது. கோவையில் அந்த அணியை வளர்த்த ரசிகர்களுக்கு அந்த ஆட்டம் தொலைக்காட்சிச் செய்தியாகவே எட்டியது. 2021-22 ஐ-லீக்கில் அந்த அணியே இல்லை.

அணிகள் இடம்பெயர்வதும் மறைவதும் இந்தியக் கால்பந்தில் விதிவிலக்கு அல்ல. டெல்லி டைனமோஸ் 2019-இல் ஒடிசா எஃப்.சி. ஆகிப் புவனேஸ்வரத்தின் கலிங்கா அரங்குக்குச் சென்றது; அதே ஆண்டில் புனே அணி கலைந்து அதன் இடத்தில் ஐதராபாத் அணி வந்தது; அந்த ஐதராபாத் அணி 2025-இல் டெல்லிக்கே போய்ச் சேர்ந்தது. 2025 ஜூலையில் இந்தியன் சூப்பர் லீக் பருவமே நிறுத்திவைக்கப்பட்டபோது, இருமுறை வாகை சூடிய சென்னையின் எஃப்.சி. உட்படப் பல கழகங்கள் தம் பணிகளை இடைநிறுத்தின. அரங்கைக் கட்டித் தர முன்வரும் நகராட்சி ஆணையரும் பொறியாளரும் எந்தத் திட்ட அறிக்கையைத் தயாரித்தாலும், அணி பத்தாண்டு நிலைக்கும் என்ற அனுமானத்தின்மீது கடனைத் திருப்பும் கணக்கை எழுதக் கூடாது என்பதற்கு இவ்வளவு ஆதாரம் போதும்.

அணி நிலைக்காது, கட்டடம் நிலைக்கும் என்ற இந்த ஏற்றத்தாழ்விலிருந்தே நிதிப் பங்கீட்டுக்கான நெறி ஒன்று கிடைக்கிறது. அணி நாளை ஊரைவிட்டுப் போனாலும் ஊருக்குப் பயன்படும் பகுதிகளுக்குப் பொதுப் பணமும், அணி இருக்கும்வரை மட்டுமே பொருளுள்ள பகுதிகளுக்கு அணியின் பணமும் செல்ல வேண்டும். ஆடுபரப்பு, அதன் வடிகால், நீர்த்தொட்டி, உடைமாற்றும் அறை, கழிப்பறை, அடிப்படை மின்விளக்கு, சில ஆயிரம் பேர் அமரும் எளிய படிவரிசை ஆகியவை முதல் வகை. விருந்தினர் மாடம், ஒளிபரப்புக்குத் தேவைப்படும் கூடுதல் ஒளி, மின்னணு நுழைவுவாயில், விளம்பரப் பலகை, அணியின் அலுவலகம் ஆகியவை இரண்டாம் வகை. நடைமுறையிலோ இது பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது: திறப்பு விழாவில் கண்ணில் படும் கேலரிக்குப் பொதுப் பணம் கொட்டப்படுகிறது, மண்ணுக்கு அடியில் இருப்பதால் யாரும் பாராட்டாத வடிகாலில் சிக்கனம் பிடிக்கப்படுகிறது.

அந்த வடிகாலைப் பற்றித்தான் அரங்கு அமைக்கும் துறையினர் விரிவாகப் பேச வேண்டும். உயர்நிலைப் போட்டிகளுக்கான ஆடுபரப்பு 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் கொண்டது. சுற்றிலும் பாதுகாப்பு இடைவெளியும் வெள்ளைக்கோட்டுக்கு வெளியே ஆட்டக்காரர்கள் உடற்பயிற்சி செய்யும் இடமும் சேர்ந்தால் ஏறத்தாழ 120க்கு 80 மீட்டர், அதாவது 9,600 சதுர மீட்டர் புல்தரை ஆகிறது. ஜல்லி அடுக்கு, துளையிட்ட குழாய்கள், அவற்றின்மேல் வேர் ஊன்றுவதற்கான மணல் அடுக்கு, அதன்மேல் பெர்முடா புல் என்பதே வழக்கமான கட்டமைப்பு. ஆட்டப் பருவத்தின் முதற்பாதி வடகிழக்குப் பருவமழையோடு மோதுவதால், ஒரு மணி நேரம் கொட்டிய மழைக்குப் பின் பந்து உருளுமா என்பதைத் தீர்மானிப்பது இந்த அடுக்குகளின் தரமே. ஆற்று மணல் கிடைக்காத இக்காலத்தில் எம்-சாண்டைக் கொண்டு வேர் அடுக்கை நிரப்புவது எளிது. ஆனால் அதிலுள்ள நுண்துகள் மிகுந்தால் அது இறுகி நீரைத் தேக்கிவிடும் என்பதால், கட்டுமான மணலுக்கான சான்று இங்கே போதாது. துகள் அளவுப் பகுப்பாய்வும் நீர் இறங்கும் வேகச் சோதனையும் ஒப்பந்தப்புள்ளி ஆவணத்திலேயே நிபந்தனையாக இடம்பெற வேண்டும்.

புல்லைக் காப்பதற்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் அளவு பாசனம் என்று வைத்துக்கொண்டால், மேற்சொன்ன பரப்புக்கு 48,000 லிட்டர் நீர் வேண்டும். அது 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரி நான்கின் சுமை. கோடையில் ஆழ்துளைக் கிணறு வற்றி, குடிநீருக்கு மக்கள் குடத்தோடு காத்திருக்கும் ஊரில் இந்த நீரைப் புல்லுக்கு ஊற்றுவதை எவரும் நியாயப்படுத்த முடியாது. 2016-இல் மகாராட்டிரம் வறட்சியில் வாடியபோது, ஏப்ரல் 30-க்குப் பிந்தைய ஐ.பி.எல். ஆட்டங்களை மாநிலத்துக்கு வெளியே மாற்றுமாறு பம்பாய் உயர் நீதிமன்றம் ஆணையிட்டதை அரங்கு கட்டுவோர் மறக்கக் கூடாது. சுத்திகரித்த கழிவுநீரைக் குழாயில் கொண்டுவரும் செலவைத் திட்ட மதிப்பீட்டிலேயே சேர்க்காத அரங்குக்கு நிர்வாக ஒப்புதல் தரப்படக் கூடாது என்பதே இவ்விதழின் உறுதியான கருத்து.

அடுத்தது ஓடுபாதைச் சிக்கல். தமிழ்நாட்டின் மாவட்டத் தலைநகர் அரங்குகள் பெரும்பாலும் 400 மீட்டர் ஓடுபாதைக்குள் கால்பந்துத் திடலை அடக்கும் பல்நோக்கு அரங்குகளே. வரையறுத்த எட்டுப் பாதை ஓடுகளத்தில் 105 மீட்டர் திடல் பொருந்தும். ஆனால் மூலைக் கொடிக்கும் ஓடுபாதையின் உள்விளிம்புக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மீட்டரே எஞ்சும். கோல் கம்பத்துக்குப் பின்னால் அமரும் பார்வையாளரோ கோல்கோட்டிலிருந்து குறைந்தது 36 மீட்டர் தள்ளியே இருப்பார். பெங்களூரின் ஸ்ரீ கண்டீரவா அரங்கில் கால்பந்துக் கழகத்துக்கும் தடகளத்தினருக்கும் எழுந்த பூசல் உயர் நீதிமன்றம் வரை சென்றது. தடகள வீரர்களின் குறை நியாயமானது. ஒரு மாவட்டத்தில் இருக்கும் ஒரே செயற்கை ஓடுபாதை பயிற்சி நேரத்தில் பூட்டப்படுவதை அவர்கள் ஏன் பொறுத்துக்கொள்ள வேண்டும்? எனவே சேலம் மகாத்மா காந்தி விளையாட்டரங்கைப் போன்ற பொது அரங்கில் புதிய கால்பந்து அணியைக் குடியமர்த்துவது செலவு குறைந்த வழியாகத் தோன்றினாலும், அந்தச் செலவை ஓட்டக்காரர்களின் தலையில் ஏற்றுவதாகவே முடியும்.

தனிக் கால்பந்துத் திடல் வேண்டும் என்றால் அதற்கான வருவாய் எங்கிருந்து வரும் என்ற கேள்வி எழுகிறது. சூப்பர் லீக் கேரளாவின் அமைப்பில் லீக் சுற்றில் ஓர் அணிக்குச் சொந்த மைதான ஆட்டம் ஐந்து. தேசிய லீக்குகளில் 2024-25 பருவத்தில் பன்னிரண்டு அளவில் இருந்தது. 5,000 இருக்கைகளும் நிரம்பி, சராசரி நுழைவுக் கட்டணம் 100 ரூபாயாக இருந்தாலும், பன்னிரண்டு ஆட்டங்களின் மொத்த வசூல் 60 லட்சத்தைத் தாண்டாது. 30 கோடி ரூபாய்க் கடனில் அரங்கு எழுப்பினால், 9 விழுக்காட்டில் ஆண்டு வட்டி மட்டும் 2 கோடியே 70 லட்சம் ஆகும். நுழைவுச் சீட்டு வருவாயில் அரங்குக் கடனை அடைக்கலாம் என்று சொல்லும் திட்ட அறிக்கை எதுவாயினும் அது இந்தக் கணக்கைத் தாங்காது. அகமதாபாத்தில் மாநில அரசின் நிலத்தில் பொது–தனியார் கூட்டு முறையில் அரங்கு கட்டியவர்கள்கூடக் கால்பந்தை மட்டும் நம்பாமல், அதன் ஒரு பகுதி உள்ளரங்காக மாறி மாநாடும் கண்காட்சியும் நடத்தும்படி வடிவமைத்தனர்.

ஆட்டமில்லாத நாட்களின் வருவாய்க்கும் எல்லை உண்டு. கொச்சி கலூர் அரங்கில் 2024 டிசம்பர் 29 அன்று ஆயிரக்கணக்கானோர் புல்தரையில் இறங்கி ஆடிய நடன நிகழ்ச்சிக்காகப் போடப்பட்ட தற்காலிக மேடையிலிருந்து ஒரு சட்டமன்ற உறுப்பினர் விழுந்து படுகாயமடைந்தார். திடலின் நிலை குறித்து அங்கே குடியிருந்த கேரளா பிளாஸ்டர்ஸ் அணியும் கவலை தெரிவித்தது. 2018-இல் அதே அரங்கில் ஒருநாள் கிரிக்கெட் ஆட்டம் நடத்த முயன்றபோது, 2017-ஆம் ஆண்டின் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்காக அமைத்த புல்லைத் தோண்டுவதா என்ற எதிர்ப்பு எழுந்து, ஆட்டம் திருவனந்தபுரத்துக்கு மாறியது. இரண்டு முறையும் சிக்கலின் வேர் ஒன்றே: எந்த நாளில் திடலை யார், எதற்காகப் பயன்படுத்தலாம் என்பதை முன்கூட்டியே அறுதியிடும் ஒப்பந்தம் வலுவாக இல்லை.

ஆகவே கேலரியின் அளவைவிடக் குத்தகையின் காலமே முதலில் முடிவாக வேண்டியது. பருவத்துக்குப் பருவம் புதுப்பிக்கப்படும் வாடகை ஒப்பந்தத்தில் இருக்கும் அணி ஒரு செங்கல்லைக்கூடத் தன் செலவில் வைக்காது. வைத்தால் அது அறிவீனம். அமெரிக்காவின் மேஜர் லீக் சாக்கர் 1996-இல் தொடங்கியபோது அணிகள் மாபெரும் அமெரிக்கக் கால்பந்து அரங்குகளில் வாடகைக்கு இருந்தன. கொலம்பஸ் நகரில் அரங்குகளுக்கான விற்பனை வரியை 1997-இல் வாக்காளர்கள் நிராகரித்தபின், அணியின் உரிமையாளர் லாமர் ஹண்ட், ஒகையோ மாநிலப் பொருட்காட்சி நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தன் பணத்தில் அளவான அரங்கைக் கட்டி 1999-இல் திறந்தார். நீண்ட குத்தகை கிடைத்ததால்தான் தனியார் பணம் வந்தது. மாறாக, பிலடெல்பியாவுக்கு அருகிலுள்ள செஸ்டர் நகரில் ஆற்றங்கரை முழுவதும் செழிக்கும் என்ற வாக்குறுதியோடு, பெருமளவு பொதுப் பணத்தில் 2010-இல் அரங்கு எழுந்தது. அந்நகராட்சி 2022 நவம்பரில் திவால் மனு தாக்கல் செய்தது. ஓய்வூதியக் கடன்களே அதற்கு முதன்மைக் காரணம் என்றாலும், அரங்கு ஊரை மீட்கும் என்ற வாக்கு பலிக்கவில்லை.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியை நாடுவோர் சட்டத்தின் வரம்பை அறிந்திருக்க வேண்டும். 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், பிரிவு 135-இன்படி, வரம்புக்குள் வரும் நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் செலவிட வேண்டும். ஏழாம் அட்டவணை ஊரக விளையாட்டு, ஒலிம்பிக் விளையாட்டு முதலியவற்றுக்கான பயிற்சியை ஏற்கிறது. விளம்பர ஆதாயம் தேடும் ஆதரவுத் தொகையை விதிகள் விலக்குகின்றன. எனவே இளையோர் பயிற்சித் திடலுக்கு இந்நிதியைக் கேட்கலாம். தொழில்முறை அணியின் பெயர் பொறித்த கேலரிக்குக் கேட்கக் கூடாது.

இந்த நெறிகளைச் சேலம் மாவட்டத்தின் ஓமலூருக்குப் பொருத்திப் பார்ப்போம். வட்டத் தலைநகரான இவ்வூர் சேலம்–தருமபுரி தேசிய நெடுஞ்சாலையில் அமைந்திருப்பதும், மேட்டூர் அணைக்குக் கிளைப்பாதை பிரியும் ரயில் சந்திப்பாக இருப்பதும், சேலம் விமான நிலையம் காமலாபுரத்தில் அருகிலேயே இருப்பதும், பெரியார் பல்கலைக்கழகம் கருப்பூரில் இருப்பதும் வெளியூர் அணிகளுக்கும் இளம் பார்வையாளர்களுக்கும் வசதி. பொட்டனேரியில் உருக்காலை நடத்தும் ஜே.எஸ்.டபிள்யூ. குழுமமே பெங்களூரு எஃப்.சி.-யின் உரிமையாளர் என்பது, கால்பந்தில் முதலிடத் தெரிந்தவர்கள் இச்சமவெளிக்கு அந்நியர் அல்லர் என்பதைக் காட்டுகிறது. ஆனால் விமான நிலையத்தின் அண்மை ஒரு கட்டுப்பாடும் ஆகும்: மின்விளக்குக் கோபுரத்தின் உயரத்துக்கு இந்திய விமான நிலைய ஆணையத்தின் தடையின்மைச் சான்று பெற்ற பிறகே திடலின் இருப்பிடத்தையும் ஒளி வடிவமைப்பையும் இறுதி செய்ய வேண்டும். சரபங்கா நதியும் அதைச் சார்ந்த ஏரிகளும் உள்ள வட்டத்தில் 'காலியாகக் கிடக்கும்' ஏரிப் புறம்போக்கைக் காட்டுவோர் இருப்பார்கள். அதை ஏற்பது நீர்நிலைக்கும் சட்டத்துக்கும் எதிரானது. மழைக்காலத்தில் திடலுக்கே கேடு.

இதே மாவட்டத்தில் பின்பற்றத்தக்க வரிசை ஒன்று ஏற்கெனவே உண்டு. வாழப்பாடி அருகே காட்டுவேப்பிலைப்பட்டியில் சேலம் கிரிக்கெட் அறக்கட்டளையின் மைதானம் 2020 பிப்ரவரியில் திறக்கப்பட்டது; தூத்துக்குடியின் பெயரில் இருந்த டி.என்.பி.எல். அணி அதன் பின்னரே சேலம் ஸ்பார்ட்டன்ஸ் ஆனது. 2022 முதல் அங்கே லீக் ஆட்டங்கள் நடக்கின்றன. ஆடுகளமும் வெளிப்பரப்பும் முதலில் தரமாக அமைந்தன, அணி பிறகு வந்தது. கால்பந்துக்கு ஒரு தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் பணபலம் இல்லை என்பதால், தொகுதிக்கொரு முதலமைச்சர் சிறுவிளையாட்டரங்கத்துக்குத் தலா 3 கோடி ரூபாய் என்று அரசு வகுத்த அளவுகோலிலிருந்து தொடங்குவதே பொருத்தம்: அந்தப் பணத்தில் ஓடுபாதையைத் திணிக்காமல், ஒரே ஒரு முழு அளவுத் திடலை வடிகாலோடும் நீர்க்குழாயோடும் அமைத்து, இரண்டு பருவம் பள்ளி, கல்லூரி, மாவட்ட லீக் ஆட்டங்களுக்குத் திறந்துவிட வேண்டும்.

படிவரிசையைக் கட்டம் கட்டமாக, கழற்றி மாற்றத்தக்க எஃகுச் சட்டத்தில் சேர்க்கலாம். ஆனால் 2022 மார்ச்சில் மலப்புரம் மாவட்டத்தில் எழுவர் கால்பந்தான செவன்ஸ் ஆட்டத்தின்போது தற்காலிக கேலரி சரிந்து பலர் காயமடைந்ததை நினைவில் வைத்து, ஒவ்வொரு பருவத்துக்கும் முன் கட்டமைப்புப் பொறியாளரின் சுமைச் சான்று கட்டாயமாக்கப்பட வேண்டும். அணி ஒன்று முன்வரும்போது அதற்குப் பதினைந்து ஆண்டுக் குத்தகையும், ஆண்டில் இத்தனை நாள் உள்ளூர்ச் சிறுவர்களுக்கு என்ற விலக்க முடியாத ஒதுக்கீடும், அணி இடையில் விலகினால் அது கட்டிய அனைத்தும் இழப்பீடின்றி உள்ளாட்சிக்குச் சேரும் என்ற விதியும், புல் பராமரிப்புக்கு மூன்றாண்டுத் தொகையை முன்வைப்பாகச் செலுத்தும் நிபந்தனையும் ஒரே ஆவணத்தில் எழுதப்பட வேண்டும். இந்த வரைவைத் தயாரிப்பது வழக்கறிஞர்களுக்கு மட்டும் விடும் வேலை அன்று; எந்தக் குழாய் எந்த ஆண்டில் அடைபடும், எந்த விளக்கை எப்போது மாற்ற வேண்டும் என்று அறிந்த பொறியாளர்களும் திடல் பராமரிப்பாளர்களும் முதல் கூட்டத்திலிருந்தே மேசையில் அமர வேண்டும்.